தென்னாப்பிரிக்காவில் மீன் வளர்ப்புப் படிப்பு: எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளை மேட்ரிக்கை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வை, நெருங்கிவிட்டால் மருத்துவம், அக்கவுண்டிங், கம்ப்யூட்டர் என்று பேச்சு மூன்று திசையில்தான் போகும். மீன் வளர்ப்புப் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "மீன் பிடிக்க எதுக்குப் பட்டம்?" என்று மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் கேட்பார். நம்மவர்களுக்கு இங்கே மீன் ஒன்றும் புதிதில்லை. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த கையோடு துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, கரைவலை இழுத்துப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. பிறகு 1961-ல் அதே தீவில்தான் அன்றைய அரசு இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரியைத் திறந்தது. அது வளர்ந்து வெஸ்ட்வில்லுக்குப் போய், இன்று குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக இருக்கிறது.

ஆனால் பிடிப்பது வேறு, வளர்ப்பது வேறு. இந்தக் கட்டுரை வளர்ப்பதைப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், பணம் கட்டப் போகும் பெற்றோருக்கும். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து படிக்க நினைப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: பட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள்

தமிழ்நாட்டில் வழி நேரானது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது; இப்போது மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் உண்டு. பி.எஃப்.எஸ்சி. என்று நான்கு வருடப் பட்டம், சேர்ந்தால் முடிந்தது. அந்த நினைப்போடு இங்கே தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. தென்னாப்பிரிக்காவில் மீன் வளர்ப்பு பெரும்பாலும் வேறொரு பட்டத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் விலங்கு அறிவியலுக்குள், ஓரிடத்தில் மீனியலுக்குள், இன்னோரிடத்தில் கடல் அறிவியல் டிப்ளமாவுக்குள்.

அதனால் பல்கலைக்கழகத்தை முதலில் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. எந்தத் தண்ணீர், எந்த உயிர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மீதி தானாக வரும்.

குளிர்ந்த கடல் என்றால் அபலோன். இங்கே 'பெர்லமுன்' என்பார்கள். பாறையில் ஒட்டி வாழும் பெரிய கடல் நத்தை. ஹெர்மானஸ், கான்ஸ்பாய் கரையோரப் பண்ணைகளில் கடல்நீரைப் பம்ப் செய்து தொட்டிகளுக்குள் ஓடவிட்டு வளர்க்கிறார்கள். விற்கும் அளவுக்கு வர நான்கைந்து வருடம் ஆகும். பெரும்பகுதி ஹாங்காங், சீனப் பக்கம் போய்விடும். இந்த நாட்டு மீன் வளர்ப்பில் பணம் புரளும் இடம் இதுதான். மேற்குக் கரையில் சல்டானா விரிகுடாவில் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் மட்டியும் ஆளியும் உண்டு.

குளிர்ந்த நன்னீர் என்றால் ட்ரவுட். லைடன்பர்க், டல்ஸ்ட்ரூம் மலைகள், நம் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரம், மேற்குக் கேப் ஆகிய இடங்களில் பண்ணைகள் உண்டு. வெதுவெதுப்பான நன்னீர் என்றால் திலேப்பியாவும் கெளுத்தியும். ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று கூப்பிடுகிறோமே, அந்த மொசாம்பிக் திலேப்பியாவின் பூர்வீகம் குவாசூலு-நட்டால் ஆறுகளையும் சேர்த்த இந்தக் கிழக்குக் கரைதான். இந்தியாவுக்கு 1952-ல்தான் கொண்டுபோனார்கள். ஆனால் பண்ணைக்காரர்கள் ஆசைப்படுவது சீக்கிரம் வளரும் நைல் திலேப்பியாவுக்கு. அது உள்ளூர் இனத்தோடு கலந்துவிடும் என்பதால் அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு தொட்டியில்கூட வைத்துக்கொள்ள முடியாது. படிப்பில் சட்டம் ஒரு பாடமாக வருவது இதனால்தான். அதைத் தூங்கிக் கழிக்க வேண்டிய வகுப்பு என்று நினைக்காதீர்கள்.

டர்பனில் 'டாகா சால்மன்' என்று விற்கும் காப் மீனையும் வளர்க்கப் பார்த்திருக்கிறார்கள், ஈஸ்ட் லண்டன் பக்கம். நம் கத்தாழை மீனின் குடும்பம் அது. குழம்புக்கு அருமை. தொழிலாக நிற்கச் செய்வது கடினம் என்பதுதான் இதுவரை கண்டது.

இறால்? ஆந்திராவிலும் நாகப்பட்டினத்திலும் பார்த்த கண்ணோடு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நம் வடகரையில் அமடிகுலு பக்கம் இறால் பண்ணை இருந்தது, மூடிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மலிவு இறாலோடு போட்டி போட முடியவில்லை. இறால்தான் உங்கள் கனவு என்றால் தூத்துக்குடிக்கே போங்கள்; ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்து, இடம்

ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் பட்டம் நான்கு வருடம். விலங்கு அறிவியல் துறைக்குள் மீன் வளர்ப்பு வருகிறது. தீவனம், மரபியல், பண்ணை நிர்வாகம் என்று உற்பத்திப் பக்கம் நிற்கும் படிப்பு. பக்கத்து யோங்கர்ஷுக் பள்ளத்தாக்கில் 1890-களிலேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய ஊர் அது. அபலோன் பண்ணைகளும் காரில் போய்வரும் தூரம். பண்ணையில் வேலை செய்யத்தான் ஆசை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். வகுப்பை ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ஆனால் பண்ணைக்குள் போனால் ஆப்பிரிக்கான்ஸ் மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். நான்கு வாக்கியம் கற்றுக்கொண்டு போனால் நல்லது.

மக்கண்டா ஊரில், அதாவது பழைய கிரஹாம்ஸ்டவுனில், ரோட்ஸ் பல்கலைக்கழகம். மீனியல், மீன்வள அறிவியல் என்று தனித்துறையே வைத்திருக்கிறார்கள். சாதாரண பி.எஸ்சி.யில் சேர்ந்து, முதல் வருடம் விலங்கியல், வேதியியல் என்று அடித்தளம் போட்டு, பிறகு மீனியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் வழி. அழிந்துபோனது என்று உலகம் நம்பிய சீலகாந்த் மீன் 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டனில் கிடைத்தபோது அடையாளம் சொன்ன ஜே.எல்.பி. ஸ்மித் இருந்த ஊர் இது. ஆராய்ச்சியில் ஆசை இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊரில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோவது மட்டும் மீனியல் படிக்கும் ஊருக்கு ஒரு வேடிக்கை. அறையில் இரண்டு கேன் தண்ணீர் எப்போதும் வைத்திருங்கள்.

பொலக்வானேயிலிருந்து அரை மணி நேரத்தில் லிம்போபோ பல்கலைக்கழகம். அங்கே மீன் வளர்ப்பு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. திலேப்பியா, கெளுத்தி என்று வெப்ப நன்னீர்ப் பக்கம். வேளாண் பட்டத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். செலவு குறைவு.

கேப் டவுனில் கேப் தீபகற்பத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் டிப்ளமா உண்டு. ஏட்டுப் படிப்பைவிடக் கைவேலை பிடித்த பிள்ளைக்கு அது பொருந்தும்.

சரி, டர்பனிலேயே வீட்டில் இருந்துகொண்டு படிக்க முடியாதா? வெஸ்ட்வில்லில் உயிரியல், கடல் உயிரியல் படிக்கலாம். மீன் வளர்ப்பைப் பிறகு ஹானர்ஸில், அதாவது பி.எஸ்சி.க்கு மேல் படிக்கும் நான்காம் வருடத்தில், பிடித்துக்கொள்ளலாம். நேர்வழி இல்லை, ஆனால் விடுதிச் செலவு மிச்சம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தயங்கும் வீடுகள் இந்த வழியைப் பிடிக்கின்றன. நான் பார்த்தவரை, பண்ணைகளின் குஞ்சு பொரிப்பகங்களில் பெண்கள் நிறையவே வேலை செய்கிறார்கள். தூரம்தான் பயமே தவிர, வேலையில் ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்பில் மாட்டிக்கொள்ளும் இடம்

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள், அதுவும் விவரம் தெரியாமலே. பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணிதமா, கணித எழுத்தறிவா என்று கேட்பார்கள். மதிப்பெண் நன்றாக வரும் என்று இரண்டாவதை எடுத்தால் பி.எஸ்சி. கதவு அன்றைக்கே மூடிவிடும். கணிதம், இயற்பியல்-வேதியியல், உயிர் அறிவியல் மூன்றும் வேண்டும். மேட்ரிக்கில் வெறும் பாஸ் போதாது, பட்டப்படிப்புக்குரிய தேர்ச்சி வேண்டும். அதற்கு நான்கு பாடங்களில் 50 சதவீதமாவது வர வேண்டும். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி வரம்பு வைத்திருக்கும், அது பெரும்பாலும் இதைவிட உயரம். விண்ணப்பம் போடும்போது கையில் இருப்பது பதினோராம் வகுப்பு மதிப்பெண்தான். அதை வைத்துத்தான் தற்காலிக இடம் தருவார்கள். அதனால் பதினொன்றை ஓய்வு வருடமாக நினைக்க வேண்டாம்.

'மீனுக்கு எதற்குக் கணக்கு' என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். ஒரு தொட்டியில் 1,000 குஞ்சு. வலையில் கொஞ்சம் அள்ளி, வாளியில் எடை போட்டு, எண்ணிப் பார்த்தால் சராசரி 50 கிராம். ஆக மொத்தம் 50 கிலோ மீன். ஒரு நாளைக்கு உடல் எடையில் 3 சதவீதம் தீவனம் என்றால் ஒன்றரை கிலோ. அதே அளவில் 30 நாள் போட்டால் 45 கிலோ. மாதக் கடைசியில் மறுபடி எடை போட்டால் சராசரி 80 கிராம். கூடியது 30 கிலோ. 45-ஐ 30-ஆல் வகுத்தால் 1.5. அதாவது ஒரு கிலோ மீன் ஏற ஒன்றரை கிலோ தீவனம். நல்ல கணக்கு என்று மகிழ்வதற்குள், நடுவில் 100 மீன் செத்ததை யாரோ குறிக்காமல் விட்டது தெரியவருகிறது. இருப்பது 900 மீன், 72 கிலோ. கூடியது 22 கிலோதான். இப்போது வகுத்தால் 2-ஐத் தாண்டுகிறது. பண்ணைச் செலவில் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், தீவனத்துக்கே போகிறது. அந்த 1.5-க்கும் 2-க்கும் இடையில்தான் லாபமும் நஷ்டமும். செத்த மீனை எண்ணி எழுதி வைப்பது முதல் வருட மாணவனுக்குக் கொடுக்கும் வேலை. அசிங்கமான வேலை என்று தள்ளிவிடுகிறவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான்.

விண்ணப்பமும் பணமும்

குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே படிவம். ரோட்ஸ், ஸ்டெல்லன்போஷ், லிம்போபோ எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நேரே போட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய சில மாதத்திலேயே விண்ணப்பம் திறந்துவிடும். சில இடங்கள் ஜூலை இறுதியோடு மூடிவிடும், சில செப்டம்பர் வரை வாங்கும். வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கும். 'மேட்ரிக் ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்' என்று ஜனவரி வரை காத்திருந்தால் ஒரு வருடம் போச்சு.

அரசு உதவித்தொகை, எல்லோரும் 'என்ஸ்ஃபாஸ்' என்பது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்கும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும். இதற்கு விண்ணப்பம் தனி. பல்கலைக்கழகத்துக்குப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இது முதல் பட்டத்துக்கானது. ஹானர்ஸ் வருடத்துக்கு வேறு உதவி தேட வேண்டும், அதை இரண்டாம் வருடத்திலேயே யோசியுங்கள். ஏனென்றால் மூன்று வருட பி.எஸ்சி.யோடு நின்றால் அறிவியலாளர் என்று முழுத்தகுதியில் பதிவு செய்ய முடியாது. இயற்கை அறிவியல் தொழில்களுக்கான மன்றம் ஒன்று இருக்கிறது, 'சாக்நாஸ்ப்' என்பார்கள். அங்கே தொழில்முறை அறிவியலாளராகப் பதிய நான்கு வருடத் தகுதி வேண்டும், பிறகு வேலை அனுபவமும் வேண்டும். ஸ்டெல்லன்போஷின் நான்கு வருடப் பட்டத்துக்கு இந்த விதத்தில் ஒரு வசதி உண்டு.

உள்ளே போனபின் என்ன நடக்கும்

முதல் வருடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மீனையே கண்ணில் காட்டமாட்டார்கள். வேதியியல், கணிதம், புள்ளியியல், செல் உயிரியல் என்று போகும். நிறையப் பேர் இங்கேதான் வேறு பாடத்துக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள். அந்த வேதியியல் இல்லாமல் இரண்டாம் வருடம் தண்ணீரைப் படிக்க முடியாது.

தண்ணீர்தான் இந்தப் படிப்பின் உயிர். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் சுழற்சித் தொட்டி அமைப்பில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால் கூண்டோடு மிதக்கும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: சோதனைக் குப்பியில் அம்மோனியா அளவு நேற்றும் இன்றும் ஒன்றாகவே காட்டும், ஆனால் தண்ணீரின் காரத்தன்மையும் (பி.எச். அளவு) வெப்பமும் ஏறினால் அதே அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடிவிடும். காலையில் சும்மா இருந்த மீன் மாலையில் மேலே வந்து வாய் பிளக்கும். எண்ணை மட்டும் படிக்கிறவன் குழம்புவான், மீனையும் பார்க்கிறவன் பிடித்துவிடுவான்.

அப்புறம் மின்சாரம். 2022, 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நெருக்கமாக மீன் வளர்க்கும் கொட்டகைகளில் ஜெனரேட்டர்தான் சாமி. காற்றூட்டி நின்றால் நெரிசலான தொட்டியில் ஆக்ஸிஜன் நிமிடக்கணக்கில் இறங்கும். இப்போது மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் எந்த நல்ல பண்ணையிலும் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் ஓட வேண்டும் என்ற பட்டியல் சுவரில் தொங்கும். மாணவர்களுக்கும் வார இறுதி முறை வரும். தீபாவளியோ காவடியோ, மீனுக்குத் தெரியாது.

கடல் பக்கம் வேறு ஆபத்து. 2017 தொடக்கத்தில் ஹெர்மானஸ் பக்கத்தில் செந்நீர் வந்தது. நுண்பாசி பெருகிக் கடலே நிறம் மாறியது. கடல்நீரை அப்படியே உள்ளே இழுக்கும் அபலோன் பண்ணைகளில் லட்சக்கணக்கில் செத்தன. நான்கைந்து வருடம் வளர்த்தது சில நாளில் போயிற்று. நுண்ணோக்கியில் பாசி எண்ணும் பயிற்சி வகுப்பில் சலிப்பாக இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி: சைவக் குடும்பத்துப் பிள்ளை இதைப் படிக்கலாமா? மீனை அறுத்துப் பார்க்கும் செய்முறை கட்டாயம் உண்டு. கொல்வதும் உண்டு, அதற்கு முறையும் நெறிக்குழு அனுமதியும் உண்டு. எடை போடவும் அளக்கவும் மீனை மயக்கும்போது சில இடங்களில் கிராம்பு எண்ணெயைத்தான் தண்ணீரில் விடுவார்கள். பல்வலிக்குப் பாட்டி வைத்த அதே எண்ணெய். புரட்டாசியில் டர்பன் தமிழ் வீடுகள் மாதம் முழுக்க விரதம் இருக்கும் நாட்களில்தான் இங்கே கல்வியாண்டின் கடைசிச் செய்முறைகளும் குவியும். விரதம் இருந்தபடியே கையுறை போட்டுக்கொண்டு அறுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முடியாது என்று நினைத்தால் சேருமுன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. மூன்றாம் வருடத்தில் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை இங்கத்திய மேட்ரிக்குக்கு இணையாக ஏற்க, யுனிவர்சிட்டீஸ் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் விலக்குச் சான்று பெரும்பாலும் கேட்பார்கள். இடம் கிடைத்த கடிதம் வந்தபின் படிப்பு விசாவை ஊரிலிருந்தே எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம். போலீஸ் சான்று, மருத்துவ அறிக்கை, பணம் இருப்பதற்கான ஆதாரம், இங்கே பதிவான மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். படிப்பு விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம், இதையும் கணக்கில் வையுங்கள்.

வெறும் பட்டத்துக்காக அவ்வளவு செலவு செய்து வர வேண்டுமா என்று கேட்டால், அபலோனோ சுழற்சித் தொட்டி அமைப்போ குறிக்கோளாக இருந்தால் வரலாம். கெண்டை, இறால் என்றால் ஊரிலேயே இதைவிடப் பெரிய தொழிலும் அனுபவமும் இருக்கிறது. இந்தியா மீன் வளர்ப்பில் உலகின் முன்வரிசை நாடு. தென்னாப்பிரிக்காவின் உற்பத்தி வெறும் சில ஆயிரம் டன். 2014-ல் 'ஆபரேஷன் பக்கீசா' என்று அரசு கடல் பொருளாதாரத் திட்டம் அறிவித்தபோது மீன் வளர்ப்புக்குப் பெரிய எதிர்பார்ப்பு வந்தது. அந்த வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. தொழில் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பண்ணையில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த பண்ணைக்கு அது உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

விடுமுறையை வீணாக்காதீர்கள்

வேலை கொடுக்கும் மேலாளர் முதலில் பார்ப்பது தொட்டியில் கை நனைத்தவரா என்பதைத்தான், மதிப்பெண் பட்டியல் அப்புறம். முதல் வருட ஜூன் விடுமுறையிலேயே ஒரு பண்ணைக்கு எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். எந்த வருடம் படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், தொட்டி கழுவுவது முதல் எந்த வேலையும் செய்வேன் என்பது, இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்துப் போன் செய்யுங்கள். மேலாளரைவிடக் குஞ்சு பொரிப்பகப் பொறுப்பாளரிடம் பேசுவது பலன் தரும், ஆள் பற்றாக்குறை அவருக்குத்தான். தென்னாப்பிரிக்க மீன் வளர்ப்போர் கூடும் மாநாடுகளுக்கு மாணவராகப் போய் நின்றாலும் முகம் பழகும்.

இன்னொன்று, ஓட்டுநர் உரிமம். பண்ணைகள் ஊருக்கு வெளியே, டாக்ஸி நிற்காத மண்சாலைக் கடைசியில் இருக்கும். வேலை விளம்பரங்களிலும் உரிமம் கேட்பார்கள். மேட்ரிக் முடிந்து பிப்ரவரி வரை கிடைக்கும் இடைவெளியில் அதற்கான தேர்வுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். டிசம்பரில் தேதி கிடைப்பது கஷ்டம், அதனால் அக்டோபரிலேயே பதிவு செய்து வையுங்கள்.